ஒன்பதாம் குழிச் சித்தர்

அந்தக் கோடையில் திருச்சிக்காரர்கள் உச்சிப் பிள்ளையாரைக்கூட மறந்துவிட்டார்கள். அவரைப் பார்க்க எத்தனை படி ஏற வேண்டும்! பச்சைமேனிச் சித்தரோ தரையிலேயே கிடைத்தார். துரைகளின் கோல்ப் மைதானத்தில், ஒன்பதாம் குழிக்குப் பக்கத்தில்.

குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் விளையாட்டு அது. குழியைச் சுற்றிப் புல் பட்டாக இருக்க வேண்டும். ஐப்பசியில் ஒரேயடியாகக் கொட்டிய மழை அந்தப் புல்லின் வேரை அழுக வைத்தது. பிறகு ஒரு சொட்டும் இல்லை. மைதானம் மொட்டையாயிற்று. ஒன்பதாம் குழி மட்டும் கிளிப்பச்சை! சித்தர் அங்கே தினமும் பூமாதேவிக்குக் குடம் குடமாக அபிஷேகம் செய்து மந்திரம் சொன்னார். மந்திரம் கேட்டுக் கூட்டம் மெய்சிலிர்த்தது. குடத்தை யாரும் கவனிக்கவில்லை. தட்டில் காசு போட்டு, ஆளுக்கொரு புல் பிரசாதம் வாங்கிப் போனார்கள். சமயபுரம் போகிற வண்டிகள்கூட இந்தப் பக்கம் வளைந்தன.

"மத்த குழியெல்லாம் ஏன் காயறது, சுவாமி?" என்று கேட்டார் கிளப் காரியதரிசி சக்ரபாணி. ஸ்ரீரங்கத்துக்காரர், பி.ஏ. வேறு.

"தோட்டக்காரன் வீரமலையோட நிழல் படுது."

உடனே தீர்ப்பு. "வீரமலை, துரை கொடைக்கானல்லேருந்து வரதுக்குள்ளே வேலையை விட்டுக் கிளம்பிடு."

"எசமான், கிணத்துத் தண்ணி மொத்தமும் சாமிக்கே போகுதுங்க. மீதிப் புல்லை நான் எச்சியத் துப்பியா வளக்கிறது?"

காரியதரிசியின் மனைவி வைஜயந்திக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் கூட்டத்துக்கு நடுவில் போய்க் கைகூப்பினாள்.

"சுவாமி, மந்திரம் ஒன்பதுக்கே இருக்கட்டும். தண்ணியை மட்டும் கொஞ்ச நாள் வீரமலை பத்தாம் குழிக்கு ஊத்தட்டும். உங்க மகிமை ஊருக்கே தெரியுமே!"

கூட்டம் "ஆகா!" என்றது. சித்தருக்கு வேர்த்தது, அன்று ஒன்பதாம் குழிக்குக் கிடைத்த ஈரம் அதுதான்.

கிணற்றடியில் நாற்காலி போட்டு வைஜயந்தியே காவல் இருந்தாள். சித்தர் தொண்டை கட்டும்வரை ஓதினார். ஒன்பது வைக்கோலாயிற்று. வீரமலை பீடி பிடித்துக்கொண்டே நனைத்த பத்து துளிர்த்தது.

"மந்திரத்துக்குத் தண்ணிதாம்மா வாகனம்," என்றார் சித்தர்.

"வாகனம் தனியாவே போய்ச் சேர்ந்துடுத்தே, சுவாமி!"

விடிந்தபோது சித்தர் இல்லை, தட்டும் இல்லை.

"ஏன்னா, இப்போ யார் நிழல் படறது?" என்றாள் வைஜயந்தி. சக்ரபாணி வீரமலையிடம் கிணற்றுச் சாவியைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை.

கூட்டம்? அது பத்தாம் குழியில், வீரமலை காலடியில், தேங்காயோடு நின்றது. "சாமி, ஒரு புல்லு..."

"தேங்காயை எடுத்துக்கிட்டுப் போங்க. குடம் தூக்க யாரு வரீங்க, சொல்லுங்க."

கூட்டம் கலைந்தது.

ஓரறிவுப் புல்லுக்கே மந்திரம் எது, தண்ணீர் எது என்று தெரிந்துவிட்டது. மிச்சம் ஐந்தையும் வைத்துக்கொண்டு நீங்கள் என்னதான் செய்கிறீர்கள், ஐயா?