டயாலிசிஸ் வார்டில் சீசன்காரர்

திருத்தணியில், மலைமேல் இருப்பவரை விட்டுவிட்டால், செத்தவர்களை அதிகம் எழுப்பி உட்காரவைத்தவர் சீசன்காரர்தான். எழுப்பியதெல்லாம் கதையில். இடம், டயாலிசிஸ் வார்டு.

திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு ஆறு பேர் ஆறு கட்டிலில் படுப்பார்கள். ரத்தம் இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்ப நான்கு மணி நேரம். என் மனைவி வசந்தாவுக்கு மூன்றாவது கட்டில்; பக்கத்தில் ஸ்டூலில் நான். நான்காவது கட்டிலில், கே.ஜி.கண்டிகையில் பவர்லூம் ஓட்டிய ஓர் ஒல்லி மனிதர். விண்வெளித் தொடர்களைச் செல்போனில் ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்வார். ‘மொத சீசன்ல’ என்றுதான் வாயைத் திறப்பார். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் கேஸ் ஷீட்டுக்கு மட்டுமே தெரியும்.

முதல் சீசன் சுலபம். ஒரு கப்பல், ஏழு பேர், நாளுக்கு ஒரு கிரகம். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் என்ற கிரகம் ஒன்று வந்தது. எங்கள் ஆட்களுக்கும் டாக்டர் சொன்ன அளவு ஏறக்குறைய அதுதான். கப்பல்காரன் ஒருவன் திருட்டுத்தனமாக ஒரு சொம்பு கூடுதலாகக் குடித்தபோது, வசந்தா அவனை நேரில் பார்த்தவள் போலத் திட்டினாள்.

இரண்டாவது சீசனில் கதைக்குக் கிறுக்குப் பிடித்தது. காலம் முன்னும் பின்னும் ஓடியது. ஒருவனுக்கு மூன்று நகல். செத்தவன் தனக்கே அப்பாவாகத் திரும்பி வந்தான். ஒருநாள் ஆறு பேருக்கும் பிரஷர் ஏறியிருப்பதைப் பார்த்த நர்ஸம்மா, கதையைக் குறைக்கச் சொன்னார். சீசன்காரர் மசியவில்லை. சிக்கல் இல்லாவிட்டால் அடுத்த முறை யார் ஆசையாக வருவார்கள் என்று வாதாடினார். தினமும் நல்ல கட்டத்தில் நிறுத்தினார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கப்பலுக்குள் ஒரு குழந்தை மாட்டிக்கொண்டு, கப்பல் வெடிக்க ஒரு நிமிடமே இருக்கும்போது நிறுத்தினார். ஐந்தாவது கட்டிலில் இருந்த கனகம்மாசத்திரத்து ஆட்டோக்காரர், வயதானவர், தலையைத் திருப்பினார்.

“நைனா, கொழந்த பொழைச்சிச்சா? அத மட்டும் சொல்லிடு.”

“திங்கக்கெழம வாண்ணா, சொல்றேன்.”

திங்கட்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

சீசன்காரர் நர்ஸம்மாவிடம் ஆட்டோக்காரரின் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் பஸ் பிடித்துச் சாவு வீட்டுக்குப் போய், ஆட்டோக்காரரின் மனைவியிடம் குழந்தை பிழைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாராம். எந்தக் குழந்தை என்று அந்தம்மா கேட்கவே இல்லையாம். அழுதாராம்.

புதன்கிழமை எங்களிடம் சொன்னார்: “இனிமே அன்னிக்கி ஆரம்பிச்சது அன்னிக்கே முடிஞ்சிடும்ங்க. பெரிய கத அடியில ஓடிகினு இருக்கட்டும். வர்றவங்களுக்கு அது. வராதவங்களுக்கு இது.”

அப்படியே நடந்தது. தினமும் ஒரு வழக்கு தீர்ந்தது, ஒரு கிரகம் பிழைத்தது. சந்தேகப்பட்டு ஒருநாள் நானே பார்த்தேன். அவர் பிழைக்க வைத்த கிரகம் தொடரில் சாம்பலாகியிருந்தது. கேட்டதற்கு, ‘ஒங்க போன்ல வேற மாதிரி ஓடுது போலங்க’ என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ஐந்தாவது சீசன் பாதியில் வசந்தாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவள் கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை, அன்றைய கதை முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, பெரிய கதையின் முடிவையும் மெதுவாகச் சொன்னார். கப்பல் வீடு போய்ச் சேருகிறது.

“எல்லாருமா?” என்றாள் வசந்தா.

“ஆங். எல்லாரும்ங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்தபின் அந்தக் கடைசி எபிசோடைப் பார்த்தேன். வீடு சேர்ந்தவர்கள் இரண்டே பேர்.

அந்த வார்டில் எனக்கு இப்போது நோயாளி யாரும் இல்லை. இருந்தாலும் திங்கள், புதன், வெள்ளி ஏழு மணிக்குப் போய்விடுகிறேன். ஊசி ஏற்றும்போது சீசன்காரருக்குக் கை நடுங்கும். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.