சும்மா காட்ட வந்த முயல்

“சும்மா காட்டிட்டுப் போகலாம்னு வந்தவளை இப்படிக் காலை ஒடிச்சு அனுப்பிட்டீங்களே!”

ஒரு காட்டில், ஆஸ்பத்திரி வாசலில், வடிவு என்கிற முயல் இப்படிக் கத்திக்கொண்டிருந்தது. இதே வார்த்தைகள்தான், நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. இத்தனைக்கும் அதன் நாலு காலும் திடமாகத்தான் இருந்தன. ஒடிந்திருந்தது சீட்டில்.

வாசலில் மேஜை போட்டுச் சீட்டு எழுதுவது பிலோமினா என்கிற மைனா. கான்வென்ட்டில் படித்தது. யார் பேச ஆரம்பித்தாலும் அந்த வாக்கியத்தைத் தானே முடித்துவைக்கும், அதுவும் தப்பாக. யாரைப் போல என்று என் வீட்டில் யாரும் ஜாடை காட்ட வேண்டாம், எனக்கே தெரியும்.

அந்த ஆஸ்பத்திரியில் நோயை நோயென்று எழுதக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. புத்தகத்தைப் பார்த்துப் பொருத்தமானதைப் போட வேண்டும். மழைக்காலத்தில் வடிவு கால் ஒடிந்து வந்தபோது, ‘கால் முறிவு, புதிது’ என்பதற்கான குறியீட்டைப் பிலோமினா போட்டது. அது சரி. எலும்பு கூடியபின் நேற்று வடிவு மறுபடி வந்தது. கரடி டாக்டர் காலைத் தட்டிப் பார்த்து, “ஜம்முனு இருக்கு, ஓடு” என்றார்.

“என்ன விஷயமா வந்தே?” என்று கேட்டது பிலோமினா.

“சும்மா காட்டிட்டுப் போகலாம்னு.”

மைனா புத்தகத்தில் ‘சும்மா’வைத் தேடியது. சளி இருந்தது, சிரங்கு இருந்தது, சும்மா இல்லை. ‘குணமானபின் மறுபார்வை’ என்று ஒன்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கம்வரை புரட்டுகிற பொறுமை கான்வென்ட்டில் படித்த எங்களுக்கு ஏது? போன தடவை போட்டதையே போட்டுக் கொடுத்தது.

வடிவு சீட்டோடு நாத்தனார் வீட்டுக்கு ஓடியது. கால் ஒடிந்ததிலிருந்து குட்டிகள் அங்கேதான். குணமானதாக ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தால்தான் அனுப்புவேன் என்று நாத்தனார் கறார்.

“என்ன அண்ணி, மறுபடியும் ஒடிச்சுக்கிட்டீங்களா?”

“ஓடித்தானே வந்தேன், பாக்கலையா?”

“சீட்டுல அப்படிப் போடலையே. போன தடவை இருந்த அதே குறியீடுதானே இருக்கு.”

அதனால்தான் இந்தக் கத்தல்.

“மாத்திக் குடுங்க அக்கா.”

“‘நோய் இல்லை’ன்னு போட்டா, நோய் இல்லாதவ எதுக்கு வந்தான்னு மேலே கேப்பாங்க. ‘இல்லாத நோயை இருப்பதாக நினைத்தல்’னு ஒண்ணு இருக்கு, போடட்டா?”

“பைத்தியத்துக்கிட்ட எந்த நாத்தனாராவது குட்டிகளைக் குடுப்பாளா?”

“அப்ப வந்த காரணத்தை ஒழுங்கா, முழு வாக்கியத்துல சொல்லு. சும்மாங்கறதெல்லாம் ஒரு காரணமா?”

கரடி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “கடைசிப் பக்கத்தைப் பாரும்மா” என்றார்.

நல்ல கதையாக இருந்தால் இந்த இடத்தில் மைனா பக்கத்தைப் புரட்டி, வெட்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டிருக்கும்.

“எனக்குத் தெரியும் டாக்டர்” என்றது மைனா. கான்வென்ட்டில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் அது.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. “கால் ஒடிஞ்சிருக்கா? இந்தா, பாரு!” என்று, கூடிய காலாலேயே மேஜையை ஓங்கி ஓர் உதை விட்டது. தேக்கு மேஜை. மடக்கென்று ஒரு சத்தம். மேஜைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிலோமினா குனிந்து காலைப் பார்த்தது. நிமிர்ந்து சீட்டைப் பார்த்தது. ‘கால் முறிவு, புதிது.’ அதன் முகம் மலர்ந்தது.

“நான்தான் சரியாப் போட்டிருக்கேனே!”

தரையில் கிடந்த வடிவு இப்போது கத்தவில்லை.

“அக்கா, குட்டிகளை ஒரு தடவை இங்கே கூட்டிட்டு வரச் சொல்றீங்களா? சும்மா பாத்துட்டு அனுப்பிடறேன்.”

மைனா அடுத்த சீட்டை எடுத்துவிட்டிருந்தது.

நீதி: குறியீடு தப்பென்று தெரிந்தால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் நோயாளியே அதற்குத் தகுந்தபடி ஆகிவிடுவார்.