பவர்கட் சாமி

கேரளத்தில் பவர்கட் வந்ததும் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் எங்கள் சாமிதான். தொண்ணூறுகளின் கடைசியில் தினமும் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அரைமணி நேரம் கரண்ட் போகும். கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரியே தலையில் அடித்துக்கொள்ளும்போது, எங்கள் லைன் வீட்டு வாசலில் இவர் மட்டும் பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி டார்ச்சோடு ஓடி வருவார்.

பகலில் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற வேலை. கல்ஃபுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்தே வாழ்க்கை வெறுத்தவர். யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகையில் டார்ச்சால் படம் வரையலாம் என்று படித்த நாளிலிருந்து ஆள் மாறிவிட்டார். கேமராவை அசையாமல் வைத்து, ஷட்டரைத் திறந்துவிட்டு, இருட்டில் எதன்மேல் வெளிச்சத்தைத் தடவுகிறோமோ அது மட்டும் படத்தில் விழும். சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரிதான் என்பார். ஸ்டாண்டு வாங்க வசதியில்லை. கொச்சங்காடி கோடவுனிலிருந்து வாங்கிய மிளகுச் சாக்கில் மணலை நிரப்பி, அதன் மேல் கேமராவைப் பதித்து வைப்பார்.

தடவுகிற ஆள் படத்தில் தெரியக் கூடாதென்றால் கறுப்பு உடை வேண்டுமாம். ஆகவே கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, வருஷம் பூராவும். கேரளத்தில் கறுப்பு வேட்டி கட்டினால் சபரிமலைக்கு விரதம்; மறுபேச்சு கிடையாது. ஊரே சாமி என்று கூப்பிட ஆரம்பித்தது. கழுத்தில் மாலை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சாயாக்கடை சேட்டன் மட்டும் பாவத்துக்குப் பயந்து, அவருக்கு மீன்கறி தருவதே இல்லை. மீன் வாசனையை முகர்ந்துகொண்டே கடலைக்கறி தின்ற மனிதர் அவர்.

வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு அந்த லைன் வீட்டில் குடியிருந்த நான்தான் அவருடைய முதல் பலி. அசையாமல் உட்காரச் சொன்னார். கொச்சிக் கொசுவுக்கு அது தெரியுமா? காதோரம் பாட வந்ததைத் திரும்பிப் பார்த்தேன். படத்தில் எனக்கு இரண்டு தலை. கலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணாச்சி வந்தார். கார்ப்பரேஷனில் வேலை, கண்டிப்பானவர். மகள் செல்விக்கு ஏலூர் உரக் கம்பெனியில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை ஒன்று பேச்சு வந்திருந்தது. பையன் வீட்டுக்கு அனுப்பக் குடும்பப் படம் வேண்டும். சாமிக்கு முகம் விழுந்துவிட்டது. தையல் மெஷினில் உட்கார்ந்த இடத்தில் அரை நிமிஷம் நிலைக்காத அந்தப் பெண்ணின்மேல் அவருக்கு எத்தனை ஆசை என்று எனக்கு மட்டும் தெரியும். விரதக்காரர் என்று ஊரே கும்பிடுகிறபோது பெண் கேட்பது எப்படி?

பகலில் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், பவர்கட்டில் எடுத்தால் வீடே அரண்மனையாகத் தெரியும் என்று அண்ணாச்சியைச் சம்மதிக்க வைத்தார். தன் காதலிக்கு மாப்பிள்ளை பார்க்கவும் கலையம்சம் தேவைப்பட்ட ஒரே மனிதர்!

கரண்ட் போனது. வாசலில் அண்ணாச்சி, அவர் சம்சாரம், நடுவில் செல்வி. டார்ச் வெளிச்சம் சுவரில் ஏறியது, ஜன்னலில் இறங்கியது, முகங்களுக்கு வந்தது. கொசுவும் வந்தது. இருட்டுக்குள் பட்பட்டென்று அடி விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிலிம் ரோல் தீர்ந்து, பிரிண்டு வந்த அன்று அண்ணாச்சி வீட்டு வாசலில் நானும் கூட இருந்தேன். வீடு நிஜமாகவே அரண்மனை மாதிரி இருந்தது. அண்ணாச்சிக்கு நாலு கை. அவர் சம்சாரத்துக்கு முகமே புகை. செல்வி மட்டும் செதுக்கி வைத்த சிலையாகப் பளிச்சென்று இருந்தாள்.

"ஏன் சாமி, என் மூஞ்சி இவ்வளவு இருட்டா இருக்கு?"

"பேட்டரி கொஞ்சம் வீக்கு அண்ணாச்சி."

"செல்விகிட்ட வந்தப்ப மட்டும் சார்ஜ் ஏறிடுச்சோ?"

அண்ணாச்சி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். செல்வியின் முகம் துளிகூட அசையவில்லை. கண்கள் மட்டும் பக்கவாட்டில் கோடாக இழுத்திருந்தன.

"இது என்னப்பா, கண்ணு மட்டும் இப்படிக் கலைஞ்சிருக்கு?"

எல்லாக் கோளாறுக்கும் விளக்கம் வைத்திருக்கிற மனிதர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"நான் கேமராவப் பாக்கல அப்பா," என்றாள் செல்வி. "இவரு இருட்டுல எங்கெங்க போறாருன்னு பாத்துட்டு இருந்தேன்."

அண்ணாச்சி படத்தில் தன் நாலு கையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கொசுக்கடியைத் தாங்கிக்கொண்டு மகள் அசையாமல் உட்கார்ந்தது அவருக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும். கடைசியில், இந்தக் கண்ணோடு படத்தை ஏலூருக்கு எப்படி அனுப்புவது என்று முணுமுணுத்தார்.

"அப்ப அனுப்ப வேண்டாம் மாமா," என்றார் சாமி. அதுவரை சாமிக்கு முருகேசன் வெறும் அண்ணாச்சிதான்.

செல்வியைக் கட்டின அன்று சாமிக்கு முதல்முறையாக வெள்ளை வேட்டி. மறுநாள் சாயாக்கடை சேட்டன், ஒருவழியாக விரதம் முடிந்ததென்று பெரிய துண்டமாக மீன் வைத்தார்.

இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. போன வாரம் அதுவும் மக்கர் செய்து இருட்டாகிவிட்டது. வீட்டில் மெழுகுவத்தி தேடச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. காதோரம் கொசு பாடியது. இந்தத் தடவையாவது சாமியின் படத்தில் ஒரே தலையோடு விழ வேண்டுமென்று, அசையாமல் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.