அக்காவின் கட்டியும் என் ஐஸ் பெட்டியும்

எனக்குத் தெரியாத விஷயங்களில்தான் எனக்குத் தன்னம்பிக்கை அதிகம். இருபது வருஷமாக மீனும் இறாலும் வாங்கி விற்கிறவன் நான். எதையும் ஐஸில் போட்டால் கெடாது என்பதுதான் நான் கற்ற ஒரே விஞ்ஞானம். அதை அக்காவின் கழுத்துக் கட்டியிலும் பரீட்சித்துப் பார்த்தேன்.

கட்டி ஊறுகாய்க்குப் போடும் தேசிக்காய் அளவு. கல்லடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அது புற்றுநோயா இல்லையா என்பதைப் பரிசோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும் என்றார் டொக்டர். அத்தான் அக்காவின் கட்டிலை விட்டு அசைய மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே கட்டி இருந்த போத்தலை டவுனுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நேர்ஸ் ஏதேதோ சொல்லித்தான் தந்தார். நான் அப்போது வாகரைக்காரர் ஒருவரோடு போனில் நண்டுக் கதை பேசிக்கொண்டிருந்தேன். (தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.)

கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனால், பரிசோதனைக்கூடம் இரண்டு மணிக்குத்தான் திறக்குமாம். உச்சி வெயில். என் மீன் வேன் அடுப்பு மாதிரிக் கொதித்தது. போத்தலைத் திறந்து மோந்து பார்த்தேன், கண்ணெல்லாம் எரிந்தது. ஐயோ, அதற்குள் பழுதாகிவிட்டதே என்று பதறி, போத்தலில் இருந்த தண்ணீரை ரோட்டோரச் சாக்கடைக் கானில் ஊற்றினேன். என் மீன் பெட்டியில் இருந்த ஐஸை நொறுக்கிக் கட்டியை மூடி, போத்தலை அதே பெட்டிக்குள் இறாலுக்கும் மீனுக்கும் நடுவே புதைத்தேன். இரண்டு தரம் ஐஸும் மாற்றினேன். அக்காவுக்கு இதையாவது செய்தேனே என்று பெருமை வேறு.

பரிசோதனைக்கூடத்தில் இருந்த பெண் போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணன், இதுக்குள்ள இருந்த மருந்து எங்க?"

"அது பழுதாப் போயிட்டு மிஸ். நான் புது ஐஸ் போட்டிரிக்கன்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். புது மருந்தை ஊற்றிக்கொண்டே பொறுமையாக விளக்கினார். கட்டி கெடாமல் இறுகத்தான் அந்த மருந்தாம். பிறகு பரிசோதனைக்கூடத்து டொக்டர் அதை அளந்து, வெட்டிப் பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவாராம். துண்டுகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பாராம். பழுதான துண்டில் ஒன்றும் பிடிபடாதாம்.

"இது பழுதாகிட்டா மிஸ்?"

"பாத்தாத்தான் தெரியும். கட்டி ஒண்டுதானே, திரும்ப எடுக்க ஏலாது."

அதற்குப் பிறகு பத்து நாள் நான் மனிதனாக இருக்கவில்லை. அக்காவிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் சோறு இறங்கவும் இல்லை.

பதினோராம் நாள் டொக்டர் ரிப்போட்டை வாசித்தார். புற்றுநோய் இல்லை. நான் கதிரையில் இருந்தபடியே விம்மி விம்மி அழுதேன். அக்காவே பயந்துபோனாள். டொக்டர் அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு வரியையும் வாசித்தார். கட்டியின் மேற்பரப்பில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்ததாம்.

அக்கா தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள். நான் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

"நான் உயிருக்குப் பயந்து கிடக்க, நீ என்னை இறாலோட அடுக்கினியாடா?" என்றவள், காயம் ஆறாத கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது குடும்பத்தில் யாருக்காவது இரத்தப் பரிசோதனை என்றால்கூட என்னைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறார்கள். நான் மீன் கொண்டுபோனால், அக்கா பையை வாங்கும்போதே கேட்பாள்:

"செதில் எல்லாம் எடுத்திட்டியா தம்பி, இல்லாட்டி ரிப்போட்டில வருமா?"