செம்மறிகளுக்கு நடுவே நான்

சாகக் கிடக்கும் நண்பன் ஒன்றைக் கேட்டால் முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல்.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் எஞ்சினியர். ஆபீஸில் பக்கத்து மேஜை யூர்கன். என் வயதுதான், விவாகரத்தானவன். வீட்டில் அவனும் லோட்டேயும் மட்டும். லோட்டே கறுப்பு வெள்ளை பார்டர் கோலி நாய். ஆடு மேய்ப்பதற்கென்றே பிறந்த ஜாதி. கணையத்தில் புற்றுநோய் என்று யூர்கன் ஆஸ்பத்திரியில் படுத்ததும், லோட்டே எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு நாய் என்றாலே பயம். (திருநெல்வேலியில் தெருநாய்கள் துரத்திய துரத்தலில்தான் நான் வேகமாக சைக்கிள் ஓட்டவே கற்றுக்கொண்டேன்.) என் மனைவி மாலதிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. வந்த அன்றே சோபாவில் லோட்டே, தரையில் நான் என்று இட ஒதுக்கீடு முடிந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது யூர்கன் ஆரம்பித்தான்.

"அடுத்த மாசம் புதுசாக வருபவர்களுக்கென்று நாயை வைத்து ஒரு ஆடு மேய்ப்புப் போட்டி இருக்கிறது. லோட்டே பெயரைக் கொடுத்து வைத்திருந்தேன். நீ கூட்டிப் போ."

"யூர்கன், நான் ஆட்டைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன்."

"உனக்கு வேலையே இல்லை. ஒரு கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கணும், நாலு வார்த்தை சொல்லணும். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்." தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அவள் போட்டியில் ஓடுவதை ஒரு தடவை பார்க்கணும், ரகு. அவ்வளவுதான்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

பாடம் ஆஸ்பத்திரி சாப்பாட்டுத் தட்டில் நடந்தது. உருளைக்கிழங்கு உருண்டைகள் ஆடு, முள்கரண்டி நாய், மிளகுத்தூள் டப்பா நான். (அவனால் எதையும் சாப்பிட முடியவில்லை, அதனால் ஆட்டுக்குப் பஞ்சமே இல்லை.) ஜெர்மன் நாய்க்குக் கட்டளை எல்லாம் இங்கிலீஷில். 'கம் பை' என்றால் கடிகாரம் சுற்றுகிற பக்கமாக ஆடுகளைச் சுற்றிப் போகும். 'அவே' என்றால் எதிர்ப்பக்கம். 'லை டவுன்' என்றால் படுத்துவிடும். 'தட்'ல் டூ' என்றால் வேலை முடிந்தது, ஆட்டை விட்டுவிட்டு வா. செமஸ்டர் பரீட்சைக்குப் படிப்பது போல பஸ்ஸிலும் பாத்ரூமிலும் உருப்போட்டேன். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் சனிக்கிழமைகளில் பயிற்சி. அங்கே இருந்தவை வயதான, தூங்குமூஞ்சி ஆடுகள். லோட்டே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். நான்தான் செய்ய வைக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போட்டியன்று தூறல். மற்றவர்கள் பச்சைக் கோட்டும் முழங்கால் வரை பூட்ஸுமாக மிடுக்காக நின்றார்கள். நான் மங்கி கேப்பும் ஆபீஸ் ஷூவுமாக. டாக்டரிடம் அனுமதி வாங்கி, யூர்கனை எங்கள் காரில் உட்கார்த்தி மாலதி ஓட்டி வந்திருந்தாள். முன்சீட்டில் கம்பளிக்குள் அவன் முகம் ஒரு கைப்பிடி அளவுக்குத்தான் தெரிந்தது. கண்ணாடியை இறக்கச் சொல்லியிருந்தான். குளிரட்டும், பரவாயில்லை என்றானாம்.

என் முறை வந்தது. கம்பத்தருகே நின்று "கம் பை" என்றேன்.

லோட்டே போனாள். அதை ஓட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மைதானத்தின் ஓரமாக, ஒரு பெரிய வளைவாக, புல்லைத் தொடாத மாதிரி போய் ஆடுகளுக்குப் பின்னால் நின்றாள். நான் காரைத் திரும்பிப் பார்த்தேன். யூர்கன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்த்ததுதான் தப்பு. மறுபடி முன்னால் பார்த்தபோது ஆடுகள் என்னை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டன. பண்ணை ஆடுகள் இல்லை இவை. மலையில் திரிந்து கொழுத்தவை. வேகத்தைக் குறைக்க நான் 'லை டவுன்' சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது, "ஏய், நில்லு! நில்லு! ஐயோ, நில்லேன்!"

லோட்டேக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கத்தினால் அவசரம் என்று தெரியும். அவள் இன்னும் விரட்டினாள். முதல் ஆடு என் முழங்காலில் மோதியது. இரண்டாவது ஆடு நான் விழுந்துகொண்டிருக்கும்போது மோதியது. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அது என் வலது கால் என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஆடுகளை எஜமானிடம் கொண்டுவந்து அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் லோட்டேயின் தொழில். எஜமான் நின்றால் என்ன, படுத்தால் என்ன? அவள் சுற்றிச் சுற்றி வர, ஆடுகள் என்மேல் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒன்று என் தொப்பியை மென்றது. ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்களைப் பார்த்து மிரண்ட ஆடுகளை லோட்டே மறுபடி என்மேலேயே திருப்பினாள். மறுபடி மிதி. நடுவர் அம்மாள் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் கத்தினார், "நாயைக் கூப்பிடுங்கள்!" உருப்போட்ட நாலு வார்த்தையில் ஒன்றுகூட இல்லை என் மண்டைக்குள். "அம்மா, அம்மா" என்றுதான் வந்தது. மற்றவர்கள் 'தட்'ல் டூ' என்று கத்திப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பேச்சை லோட்டே கேட்பதாக இல்லை.

யூர்கன் காரிலிருந்து கூப்பிட்டிருக்கிறான். காற்றுதான் வந்ததாம், குரல் வரவில்லை.

அப்புறம் நான் பார்த்தது ஆட்டுக் கால்களின் இடுக்கு வழியாக. இரண்டு ஜோடிக் கால்கள் மைதானத்தில் நடந்து வந்தன. ஒன்று மாலதியின் நீலச் செருப்பு. இன்னொன்று ஆஸ்பத்திரி செருப்பு, ஈரத்தில் வழுக்கி, நின்று, மறுபடி நகர்ந்தது. கம்பளி பின்னால் இழுபட்டது. அவ்வளவு பேர் நின்ற இடத்தில் மழைச் சத்தம் மட்டும்தான். பக்கத்தில் வந்ததும், ரகசியம் சொல்வது போல யூர்கன் சொன்னான், "தட்'ல் டூ, லோட்டே."

அவள் அப்படியே ஆடுகளை விட்டுவிட்டு அவன் காலடியில் போய்ப் படுத்தாள். யூர்கன் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தானா, கால் மடங்கிற்றா என்று இன்றுவரை மாலதிக்கு நிச்சயமில்லை.

நடுவர் என் பக்கத்தில் குனிந்து மிகவும் வருத்தத்தோடு நான் தகுதி நீக்கம் என்றார். ஒன்று, வெளியாள் கட்டளை கொடுத்துவிட்டார். இரண்டு, நான் கம்பத்தை விட்டு நகர்ந்துவிட்டேன். (நகர்த்தப்பட்டேன் என்று வாதாடும் நிலையில் நான் இல்லை.)

"அந்த முதல் ஓட்டம்?" என்று கேட்டான் யூர்கன்.

"அதில் மார்க் குறைக்க எனக்கு ஒன்றுமே இல்லை," என்றார் நடுவர்.

யூர்கன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஒரே ஆம்புலன்ஸில் இருவரும் போனோம். என் காலில் கம்பி வைத்தார்கள். யூர்கன் அடுத்த மாசம் போய்விட்டான். அடக்கத்துக்கு நான் ஊன்றுகோலில் போனேன். லோட்டே மாலதியின் பக்கத்தில், சங்கிலி இல்லாமல், அசையாமல் நின்றாள். அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் சோபாவில்தான் இருந்தாள்.

காலிங் கார்டில் ஊருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது அப்பா முதலில் எந்தக் கால் என்று கேட்டார். பிறகு, "ஏலே, சின்ன வயசுல நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்குன்னு சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்ல, மன்னிச்சிரு" என்றார்.

ஊரில் கல்யாண வீடுகளில் அந்தக் கதை இன்னும் ஓடுகிறது. "எஞ்சினியர்தான். ஆனா ஜெர்மனியில ஆடு மேய்க்கப் போயி ஃபெயிலானவன்" என்றுதான் சித்தப்பா என்னைப் புது மாப்பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எப்போதாவது யாராவது, "அந்த நாய்க்காரர் என்ன ஆனார்?" என்று கேட்டால் மட்டும் மாலதி பாயச வாளியோடு குறுக்கே வந்து, "முதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்பாள்.