பாட்டு நடுவே சாத்திய கதவு

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, என் இருமல் மூவரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தானின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. நிற்க.

சின்ன வயசிலிருந்தே நாம் உயிரை விடுகிற பாடகர், நம்ம ஆளின் கச்சேரிக்கு முழங்காலை வைத்துக்கொண்டு உன்னால் போக முடியாது, உனக்குப் பதில் நான் போய்ப் பார்த்து ஒன்று விடாமல் எழுத வேண்டும், முக்கியமாக அந்த மழைப் பாட்டைப் பாடினாரா என்று எழுத வேண்டும் என்று சொல்லி டிக்கெட்டை அனுப்பியிருந்தாய். எழுதுகிறேன். ஆனால் நீ எதிர்பார்க்கிற கடிதம் இதுவல்ல. நூலகத்தில் உட்கார்ந்து ஆயுள் முழுக்க ஊராரை 'சத்தம் போடாதீர்கள்' என்று அதட்டியே ஓய்வு பெற்ற உன் தம்பி, அத்தனை பேர் கூடியிருந்த அரங்கத்தில், பாட்டு நடுவில், வாய்விட்டுக் கத்திவிட்டான். அதற்கு நான் மட்டும் பொறுப்பல்ல. அதை விளக்குவதற்குத்தான் இவ்வளவு தாளும் மையும்.

வாசலிலேயே சகுனம் சரியில்லை. காவலாளி என் பையைத் திறந்து இருமல் மருந்தை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்துதான் என்றால் குடித்துக் காட்டுங்கள் என்றான். கரண்டி இல்லை என்றேன். அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. ஒரு வாய் குடித்துக் காட்டியதில் தலை லேசாகக் கிறுகிறுக்க, அந்த நிலையில்தான் என் இருக்கையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி. கடைசிவரை யாரும் வரவில்லை, அதனால் பையை அதில் வைத்தேன். சுற்றிலும் நம் வயசுக்காரர்கள். முன் வரிசையில் ஒருவர் அந்தக் காலத்து நம்ம ஆள் மாதிரியே வெள்ளைக் கோட்டு போட்டு வந்திருந்தார், பொத்தான்தான் வயிற்றைத் தாண்டி வரமாட்டேன் என்றது. அவருக்கு அந்தப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மேடையைப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் இவர்கள் எல்லோரும் நாற்காலி மேல் ஏறி ஆடியவர்களாக்கும்.

நம்ம ஆள் வந்தார். அக்கா, நீ வராததே நல்லது, பார்த்திருந்தால் அழுதிருப்பாய். கோட்டு அதே வெள்ளைக் கோட்டு, உள்ளே இருக்கிற மனிதர்தான் குறைந்துபோயிருந்தார். ஓடிவந்து மேடையில் குதிப்பாரே, அதெல்லாம் இல்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து ஓரம்வரை கூட்டிவந்து விட்டார்கள். அங்கிருந்து நடுவில் இருந்த முக்காலி வரைக்கும் அவராகவே நடந்தார், குழந்தை நடக்கப் பழகும்போது வீடே பார்க்குமே, அந்த மாதிரி அரங்கமே பார்த்தது. உட்கார்ந்ததும்தான் எல்லோரும் கை தட்டினோம். முதல் பாட்டில் குரல் மேலே ஏறவில்லை. ஏறாத இடம் வரும்போதெல்லாம் மைக்கை எங்கள் பக்கம் நீட்டி, பெரிய மனசு பண்ணி எங்களுக்கு விட்டுக்கொடுப்பது போல் சமாளித்தார். ஆனால் கீழ் சுரத்தில் பாடும்போது, அக்கா, முன்பு இல்லாத ஏதோ ஒன்று அந்தக் குரலில் வந்திருக்கிறது. முன்பெல்லாம் அவர் பிரிவைப் பற்றிப் பாடினால் அழகாக இருக்கும். இப்போது நம்பும்படி இருக்கிறது.

அப்புறம்தான் மழைப் பாட்டு ஆரம்பித்தது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் தீர்ப்பு சொல்லப் போகிறவள் நீ என்பதால் முறைப்படி எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்த அன்று டேப் ரெக்கார்டரை ரேடியோவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது நீ. வீட்டில் ஒருத்தர் விடாமல் வாயை மூடச் சொன்னது நான். மூச்சு விட்டால் பதிந்துவிடும் என்று முகம் சிவக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நம் கடைசித் தம்பி சின்னவன். (அந்த இரண்டு வித்தைகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொண்டுதான் பிற்பாடு நாங்கள் வயிறு வளர்த்தோம். நான் நூலகத்தில் சத்தம் போடாதீர்கள் என்றேன். அவன் எக்ஸ்ரே அறையில் மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்கிறான்.) இரண்டாம் சரணம் முடிந்து வாத்தியமெல்லாம் ஒரு நொடி நிற்கிற இடத்தில் அப்பா வேலையிலிருந்து வந்து நுழைந்து, "யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கப்பா, ஈரக் காத்து வருது" என்றார். யாரோ கதவை டப்பென்று சாத்தினார்கள். பல்லவி ஆரம்பித்தது. எல்லாம் கேசட்டில் பதிந்துபோயிற்று. பாட்டே பாழாகிவிட்டது என்று நீ அன்றைக்குச் சாப்பிடவில்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அப்பா நம் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா போன பிறகு அவர் குரல் என்று நமக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம்தான். மற்றவர்களுக்கு அது நம்ம ஆள் பாட்டு. நமக்கு அது அப்பா வருகிற பாட்டு. ஒரு கடையில் அந்தப் பாட்டு அப்பா இல்லாமல் ஓடியதைக் கேட்டு, உங்கள் கேசட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன் நான்.

அந்தக் கேசட்டைத்தான் சின்னவன் தொலைத்தான். பழைய வீட்டைக் காலி செய்த அன்று ரெக்கார்டருக்குள்ளேயே அது இருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பெல்ட் போய்விட்டது, போட்டுத் தருகிறேன் என்று ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். பிறகு கேசட்டைக் கேட்டால், தன்னிடம் இல்லை, என்னிடம்தான் இருக்கும் என்றான். நான் ஒன்று சொன்னேன். அவன் ஒன்று சொன்னான். அதற்கப்புறம் இருவரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. நான் ஓய்வு பெற்ற விருந்துக்கு அவன் வரவில்லை, அவன் புது வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. இடையில் நீ ஒருத்தி, இவன் சொன்னதை அவனிடமும் அவன் சொன்னதை இவனிடமும் சொல்லாமல் காலம் தள்ளுகிறாய்.

இனி நடந்ததைக் கேள். இரண்டாம் சரணம் முடிந்தது. வாத்தியம் நின்றது. அரங்கம் முழுக்க நிசப்தம், நூலகத்தில்கூட நான் அப்படி ஒரு நிசப்தத்தைச் சம்பாதித்ததில்லை. என் வாய் தானாகத் திறந்தது. அப்பா சொன்ன அதே இழுப்பில், "யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கப்பா, ஈரக் காத்து வருது" என்று முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன். இருமல் மருந்தின் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே நொடியில், எனக்குப் பின்னாலிருந்து, அதே வார்த்தைகளை, அதே இழுப்பில் இன்னொரு குரலும் சொன்னது. ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை.

யாருக்கு என்ன புரிந்ததோ, வாசலில் நின்ற அந்தக் காவலாளி பதறிப்போய்க் கதவை டப்பென்று சாத்தினான். நம்ம ஆள் கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டுக்குள் பார்த்தார். பிறகு மைக்கில் மெதுவாக, "சாத்தியாச்சு. இப்ப குளிரலையே?" என்று கேட்டுவிட்டு, பல்லவியை எடுத்தார். அரங்கமே சிரித்தது. நான் அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, தேம்பித் தேம்பி அழுதேன். முன் வரிசை வெள்ளைக் கோட்டுக்காரர் தன் கைக்குட்டையை நீட்டினார்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உலகத்தில் அந்த வாக்கியம் தெரிந்தவர்கள் மூன்றே பேர், அதில் ஒருத்தி முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறாள். விளக்குப் போட்ட பிறகுதான் பார்த்தேன். தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, நெற்றி ஏறிவிட்டது. ஒரு கணம் அப்பா என்றே நினைத்துவிட்டேன். அவனும் என்னைப் பார்த்தான். இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போய்விட்டோம்.

ஆகவே அக்கா, மூத்தவள் என்ற முறையில் நீ இதில் தலையிட வேண்டும். அவன் பேரில் எனக்குக் கோபமே இல்லை என்று சொல். ஆனால் கேசட்டுக்கு அவன் முதலில் பதில் சொல்லட்டும். அவனாக வந்து ஒரு வார்த்தை பேசினால் நான் ஒன்பது வார்த்தை பேசத் தயார். நானாகப் போகமாட்டேன். நீ எந்தப் பக்கமும் சாயாதவள், உன் தீர்ப்பு எதுவானாலும் தலை வணங்கி ஏற்பேன்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். முழங்காலை நீட்டி வைத்து உட்கார்.

உன் நியாயத்தையே நம்பியிருக்கும்,
பெரிய தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வாசல் மணி அடித்தது. சின்னவன். "அண்ணா, உள்ள வரலாமா?" என்றான். நான் தயாராக வைத்திருந்த ஒன்பது வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. என் மனைவிதான் அவனை உள்ளே இழுத்து உட்காரவைத்தாள். காலியாக இருந்த அந்தப் பக்கத்து இருக்கை அவனுடையதாம். அதில் உட்கார வந்தவன் என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றுவிட்டானாம். முழங்கால் வலி என்று சொல்லி அவனுக்கும் டிக்கெட் அனுப்பியது நீயாம். இதெல்லாம் இருக்கட்டும். ரெக்கார்டரைப் பற்றிக் கேட்டேன். "அதைத்தான் அடுத்த வாரமே அக்கா வந்து வாங்கிட்டுப் போயிட்டாளே. நான் உள்ள திறந்துகூடப் பாக்கலை, கேசட்டை நீ அப்பவே எடுத்துட்டேன்னு நினைச்சேன்" என்றான். கேசட் உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். ரெக்கார்டர் உன்னிடம் போனது அவனுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து, கேசட் உன் வீட்டில்தான் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இத்தனை வருடம் எங்களுக்குள் ஒரு வாய்ப் பேச்சு இல்லாமல் போயிருக்கிறது. மழைப் பாட்டைப் பற்றி முக்கியமாக எழுது என்று நீ ஏன் சொன்னாய் என்பதும் இப்போது விளங்குகிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள். தீர்ப்பும் வேண்டாம், நீதிபதியே மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் வருகிறோம். ரெக்கார்டருக்குப் புது பெல்ட் சின்னவன் வாங்கிவிட்டான். மூச்சைப் பிடிப்பது அவன் வேலை, சத்தம் போடாதே என்பது என் வேலை, நீ பொத்தானை அழுத்தினால் போதும். அப்பா வந்து சொல்கிறவரை கதவு திறந்தே இருக்கட்டும்.