அடுத்த மாத உடம்பு

மனிதர்களில் ஒல்லி, குண்டு என்று இரண்டே வகைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாவது ஒன்று இருக்கிறது. அடுத்த மாத உடம்புக்காரர்கள். இவர்கள் இப்போது தூக்கிக்கொண்டு திரியும் உடம்பு இவர்களுடையது அல்ல. வேறு வண்டி கிடைக்காமல் அவசரத்துக்கு ஏறியது. சொந்த உடம்பு அடுத்த மாதம் வந்து சேரும். எப்படி இருக்கும் அது என்று கேட்டுப் பாருங்கள், கைப்பேசியைத் திறந்து ஒரு நடிகையைக் காட்டுவார்கள். ஆண்பிள்ளை என்றால் வயிற்றில் செங்கல் அடுக்கியது போன்ற ஒரு நடிகர். வாங்குகிற துணி, எடுக்கப்போகிற படம், போகப்போகிற கல்யாணம் எல்லாம் அந்த உடம்புக்குத்தான். இந்த உடம்புக்கு? பழைய பைஜாமா போதாதா?

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். நான் துணிக்கடைக்காரன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன், தலையில் மூட்டை சுமந்து தெருத்தெருவாக விற்றவன். இன்றைக்கு மூன்று மாடிக் கடை. அதில் ஒரு மாடி இவர்கள் கட்டிக்கொடுத்தது என்றால் பொய்யில்லை. போட்டுப் பார்க்கும் அறையில் நிலைக்கண்ணாடியின் அடிப்பக்கத்தை ஒரு சாண் முன்னால் இழுத்துச் சாய்த்து வைத்தால் நிற்கிற ஆள் நெட்டையாக, ஒல்லியாகத் தெரிவார். இதை எந்தக் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள்? நானாகக் கண்டுபிடித்தது. அறைக்கு வெளியே கணவன்மார்களுக்கு ஒரு நாற்காலியும் போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்த மனிதன் வீட்டு விஷயம் பூராவையும் கொட்டாமல் எழுந்ததில்லை.

இந்த இனத்தில் தலைசிறந்தவர், ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருக்கும் அம்மாள். எங்கள் கடைப் பெண்கள் வைத்த பேர் 'அடுத்த மாசம் அக்கா'.

"அக்கா, இது உங்களுக்கு ரெண்டு அளவு சின்னது."

"தெரியும்மா. அடுத்த மாசம் சரியா இருக்கும்."

"போன வருஷமும் இதையேதான்க்கா சொன்னீங்க."

"அது போன வருஷத்து அடுத்த மாசம். நீ பில்லைப் போடு."

வீட்டில் அலமாரிக்கு இரண்டு கதவு என்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார் கணவர். வலது கதவுக்குப் பின்னால் இப்போதைய உடம்புக்கு நாலைந்து துணி, வெளுத்துப்போனது. இடது கதவைத் திறந்தால் என் கடையின் ஒரு கிளை! எல்லாவற்றிலும் விலைச்சீட்டு அப்படியே ஆடும். குளிர்பெட்டிக் கதவில் நடிகையின் படம். காலையில் வெந்நீர், மத்தியானம் கொஞ்சம் இலைதழை, ராத்திரி மனம் நிறைய மகிழ்ச்சி, இதுதான் என் சாப்பாடு என்று அந்த நடிகை எங்கோ பேட்டி கொடுத்துவிட்டாள். அன்றோடு அந்த வீட்டு அடுப்புக்கு ஓய்வு.

"நடிகைக்கு மனசு நிறைஞ்சா போதும். எனக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கே ஐயா!" என்றார் அந்த மனிதர். அவர் தெருமுனை பேக்கரியில் பிழைத்துக்கொண்டார். அம்மாளும் ஒன்றும் சளைத்தவர் இல்லை. குளிர்பெட்டியைத் திறந்தால் கதவோடு படமும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்புறம் யார் பார்க்கப்போகிறார்கள்?

ஞாயிறு காலை எடை பார்க்கும் வைபவம். கைக்கடிகாரம், வளையல், தோடு, தலை கிளிப் எல்லாவற்றையும் கழற்றி, கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஏதோ எடைப்பொறி தூங்குவது போலவும் அதை எழுப்பிவிடக்கூடாது என்பது போலவும் நுனிக்காலால் ஏறுவார். கண்ணாடி இல்லாமல் முள் தெரியாது. கணவர்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

"என்ன காட்டுது?"

"நல்லாத்தான் காட்டுது."

"நல்லான்னா?"

"போன வாரத்தைவிட நல்லா."

குடும்பம் நடத்தத் தெரிந்த மனிதர்.

இதுவரைக்கும் சிரிப்புதான். ஆனால் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருந்தாள். அம்மாவின் ஒவ்வொரு பேச்சையும் அவள் நிஜம் என்று நம்பினாள். அம்மாவுக்குக் குளிர்பெட்டியைத் திறக்கத் தெரியும், மகளுக்குத் தெரியவில்லை. படத்தைப் பார்த்தபடி வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"ஸ்கூல்லயே சாப்பிட்டேன்மா" என்பாளாம் தினமும். அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. என் கடைக்கு நடுவில் நின்று சொன்னார்: "எனக்கு வராத வைராக்கியம் இவளுக்கு வந்திருக்கு பாருங்க ஐயா!"

நாற்காலியில் இருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தா உதிருது ஐயா. மின்விசிறி போட்டா போர்வை கேக்கறா. இவகிட்ட சொன்னா, நடிகைங்களுக்கும் அப்படித்தான்ங்கறா."

"பொண்ணுக்குச் சோத்தைப் போடுய்யா!" என்றேன்.

"போடறேன். போட்டது போட்டபடி இருக்கு."

மூன்றாவது மாடித் திறப்பு விழாவுக்கு அதே நடிகையைக் கூட்டிவந்தேன். மூட்டை சுமந்தவன் கடைக்கு நடிகை வருகிறாள் என்றால் சும்மாவா! தெருவே அடைத்துக்கொண்டது. என் அறையில் கேக் வைத்தோம். அந்தப் பெண் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதை எடுத்துட்டுப் போயிடச் சொல்லுங்க, ப்ளீஸ்" என்றது. கவுனை உடம்போடு ஒட்டக் காட்ட முதுகில் மேலிருந்து கீழ்வரை ஊக்கு. சுவரொட்டியில் முன்பக்கம்தானே தெரிகிறது? அடுத்த படத்துக்கு இன்னும் இளைக்க வேண்டுமாம். பாவம், அதுவும் இந்த இனம்தான்.

அக்கா முண்டியடித்து மகளை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். இடது கதவுக்குப் பின்னால் இத்தனை வருஷம் தொங்கிய தன்னுடைய நீலக் கவுனை அவளுக்கு மாட்டி, முதுகில் ஊக்கு குத்தியிருந்தார். நடிகை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்யோ, எவ்வளவு ஒல்லி! என்னம்மா சாப்பிடறே? எனக்கும் சொல்லேன்."

"நீங்க பேட்டியில சொன்னதுதான் மேடம்."

"எந்தப் பேட்டி?"

நடிகைக்கு ஞாபகமே இல்லை. அக்காவுக்கு அது காதில் விழவே இல்லை. "கேட்டீங்களா? அவங்களே இவகிட்ட கேக்கறாங்க!" என்று படியில் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இறங்கினார். பாதிப் படியில் மகள் கைப்பிடியைப் பிடித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கடைப் பெண் ஒருத்தி தண்ணீர் தெளித்து, போட்டுப் பார்க்கும் அறைக்குள் கூட்டிப்போய் காற்று வரட்டும் என்று ஊக்குகளைக் கழற்றினாள். பிறகு நடந்ததை அவள்தான் என்னிடம் சொன்னாள். கடைசி ஊக்கு கழன்றதும் கவுன் நிற்க இடமில்லாமல் தரையில் விழுந்தது. உள்பாவாடைக்கு மேலே முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகக் கண்ணாடியில் தெரிந்தது. பின்னாலேயே வந்த அக்கா பார்த்தார். கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்பது இத்தனை வருஷத்து வாடிக்கையாளருக்குத் தெரியாதா? போய் அதை இரண்டு கையாலும் தள்ளி நேராக நிமிர்த்தினார். நிமிர்த்திவிட்டுப் பார்த்தார். அப்போதும் அதேதான்.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "ஐயா, இவளுக்கு ஒரு கவுன் குடுங்க. இதைவிட ரெண்டு அளவு பெருசா."

"தொளதொளன்னு இருக்குமேக்கா" என்றாள் கடைப் பெண்.

"அடுத்த மாசம்..." என்று ஆரம்பித்தார். நாற்காலியிலிருந்து எழுந்த கணவர்தான் முடித்தார்: "சரியா இருக்கும். பில்லைப் போடும்மா. அப்படியே டாக்டர்கிட்ட போறோம்."

அடுத்த மாதம் சரியாகவில்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. வைத்தியம் நடக்கிறது. இப்போது அரைத் தட்டு சாப்பிடுகிறாள் என்று கேள்வி, எதிரே அம்மாவும் உட்கார்ந்து சாப்பிட்டால்தான். குளிர்பெட்டிக் கதவில் படம் இல்லை, பசைத் தழும்பு மட்டும் இருக்கிறதாம். என் கடையிலும் அந்த ஒரு அறையின் கண்ணாடி நேராகவே நிற்கிறது. அந்த அறைக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை.

சரி, நீங்கள்? போய் உங்கள் அலமாரியின் இடது கதவைத் திறந்து பாருங்கள். விலைச்சீட்டோடு ஒன்றும் தொங்கவில்லையா? 'நான் அந்த இனம் இல்லை' என்று சிரிக்கிறீர்கள். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டுதானே சிரிக்கிறீர்கள்? மூச்சை விடுங்கள். நான் பார்க்கவில்லை.

பின்னால் நிற்கும் உங்கள் பிள்ளைதான் பார்த்துக்கொண்டிருக்கிறது.